கேள்வியும் கேட்பவரும்: பேட்டிக் கலை பற்றிச் சில எண்ணங்கள்

நம் சங்க விழாக்களுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தால், பொன்னாடை போர்த்தி முடிந்த கையோடு நம் இளைஞர்களில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நான்கு கேள்வி கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. "சார், உங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன?" "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?" விருந்தினரும் சிரித்துக்கொண்டே, நூறு மேடையில் சொன்னதையே நூற்றொன்றாவது முறையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்த மனிதர் ஆனேக்கல் வரை வந்து போனதற்கு அடையாளமாக நம்மிடம் எதுவும் தங்குவதில்லை. எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பிய ஓர் இரவில்தான் இக்கட்டுரைக்கான எண்ணம் பிறந்தது.

பேட்டி என்றாலே அது ஆங்கிலேயன் கொண்டுவந்த சரக்கு, பத்திரிகைக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். வடிவம் வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். கேள்வியையும் பதிலையும் பற்றித் தமிழிலக்கணம் யோசித்த அளவுக்கு நம் ஊடகக்காரர்கள் யோசித்திருப்பார்களா என்பது எனக்கு ஐயமே. செப்பும் வினாவும் பிழைபடாமல் காக்கப்பட வேண்டும் என்று தொல்காப்பியமே கிளவியாக்கத்தில் விதிக்கிறது. நன்னூல் இன்னும் நுணுக்கமாகப் போய் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரிக்கிறது. அந்த நன்னூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்று பாயிரம் சொல்லும். கங்க மரபினன். கங்கர்களின் பழைய தலைநகரம் குவளாலபுரம், அதாவது நம் பக்கத்துக் கோலார். தமிழிலக்கணம் நமக்கு ஏதோ தூரதேசத்துப் பொருள் என்று எண்ணுகிற நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

ஆறு வினாக்கள் எவை? விடை தெரிந்தே கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனைக் கேட்பது போல. தெரியாமல் கேட்பது அறியா வினா. பாம்போ பழுதோ என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. கடைக்காரரிடம் "பருப்பு இருக்கா?" என்பது வாங்குவதற்காகக் கேட்கும் கொளல் வினா. "உனக்குச் சட்டை இருக்கா?" என்று கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. "படிச்சு முடிச்சியா?" என்று அம்மா கேட்டால் அது கேள்வியே அல்ல, போய்ப் படி என்று பொருள், அது ஏவல் வினா. இந்த ஆறையும் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தால் பல பேட்டிகளின் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

முதலில் ஒருவரிடமே எடுக்கப்பட்ட இரண்டு பேட்டிகளைப் பார்ப்போம். ஜெயலலிதா நம் மாநிலத்தில், மண்டியா மாவட்டத்து மேல்கோட்டையில், 1948-இல் பிறந்தவர். சிறு வயதில் பெங்களூரில் வளர்ந்து பிஷப் காட்டன் பள்ளியில் படித்தவர். அவரிடம் 1999-இல் சிமி கரேவால் எடுத்த பேட்டியையும், 2004-இல் பிபிசியின் ஹார்ட்டாக் இந்தியா நிகழ்ச்சிக்காகக் கரண் தாப்பர் எடுத்த பேட்டியையும் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். இன்றும் யூடியூபில் கிடைக்கின்றன.

சிமியின் கேள்விகள் பெரும்பாலும் கொடை வினா. எதிரில் இருப்பவருக்குப் பேச ஓர் இடம் கொடுப்பதற்காகக் கேட்கப்பட்டவை. அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்றை மறக்க முடியாது. தாய் சென்னையில் நடித்துக்கொண்டிருக்க, குழந்தை பெங்களூரில் உறவினர் வீட்டில் வளர்கிறது. எப்போதாவது தாய் வந்தால், விட்டுப் போய்விடக் கூடாதே என்று அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே தூங்கும். குழந்தை தூங்கிய பிறகு தாய் சேலையை மெதுவாக அவிழ்த்துவிட, சித்தி அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் படுத்துக்கொள்வார். காலையில் எழுந்தால் தாய் இல்லை. நன்னூல் இந்த வகை விடைக்கு உற்றது உரைத்தல் என்று பெயர் வைத்திருக்கிறது. "கடைக்குப் போறியா?" என்றால் "கால் வலிக்குது" என்பது போல. கேட்டதற்கு நேரான பதில் அல்ல, ஆனால் பதில் அதற்குள் இருக்கிறது. அதிகாரத்தில் இருந்த ஒருவர் ஏன் யாரையும் நம்பவில்லை, ஏன் ஒரே ஒருவரை அவ்வளவு நம்பினார் என்று அரசியல் விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட இந்தச் சேலைக் கதை எனக்கு அதிகம் விளக்கிற்று.

அதே பேட்டியில் அவர் நாரி காண்டிராக்டர் மீதும் ஷம்மி கபூர் மீதும் தமக்கு இருந்த இளவயது மயக்கத்தைச் சொன்னார். ஒரு பழைய இந்திப் பாடலையும் பாடினார். இதையெல்லாம் "சும்மா பூசி மெழுகுற பேட்டி" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வழக்குகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் அரசியல் தலைவரைப் பாட்டுப் பாடச் சொல்லலாமா என்பது நியாயமான கேள்விதான். என் பதில் இதுதான். பாட வைத்தது குற்றமில்லை. பாட்டு முடிந்த இடத்தில் கேட்டிருக்கக்கூடிய அடுத்த கேள்வியை விட்டுவிட்டதே குறை. மனம் திறந்த நேரத்தில்தான் கணக்கையும் கேட்க வேண்டும். அது கொடை வினாக்காரர்களுக்கு எப்போதும் வருவதில்லை.

கரண் தாப்பர் எதிர்ப்பக்கம். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு, புதுவை 40 தொகுதிகளிலும் அ.தி.மு.க. அணி தோற்று, அதன்பின் முதலமைச்சர் தம் பல உத்தரவுகளைத் திரும்பப் பெற்றிருந்த சமயம். கையில் குறிப்புகளோடு, விடை இதுவாகத்தான் இருக்கும் என்ற தீர்மானத்தோடு கேட்டார். எல்லாம் அறிவினா. சோதிடம், எண்கணிதம், கொள்கை மாற்றம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எதிரிலிருந்து வந்தவை பெரும்பாலும் மறை, அல்லது வினா எதிர் வினாதல். நீங்கள் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் படிக்கிறீர்களே என்று அவர் சுட்டிக்காட்டிய இடம்தான் அப்பேட்டியின் உயிர்நிலை. கடைசியில் உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி இல்லை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஒலிவாங்கியைக் கழற்றி வைத்தார்.

யார் ஜெயித்தது என்று அன்றைக்கு நம் வீடுகளிலேயே பட்டிமன்றம் நடந்தது. அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. தமிழ்நாட்டு முதலமைச்சர் ஒருவரின் மறக்க முடியாத இரண்டு பேட்டிகளும் ஆங்கிலத்தில்! எடுத்தவர்கள் இருவரும் தமிழர் அல்லர். அந்த ஆட்சிக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் பட்ட பாட்டை நினைத்தால் காரணம் புரியும். 2003 ஏப்ரலில் நக்கீரன் கோபால் பொடா சட்டத்தில் கைதானார். அதே ஆண்டு நவம்பரில் தி இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறைத்தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இந்தச் சூழலில் எந்தத் தமிழ் நிருபர் எண்கணிதத்தைப் பற்றிக் கேட்பார்? தில்லியிலிருந்து விமானத்தில் வந்து அன்று மாலையே திரும்பிவிடுகிறவருக்குக் கிடைத்த துணிச்சல், மறுநாளும் அதே ஊரில் இருக்க வேண்டியவருக்குக் கிடைக்காது. கரண் தாப்பரின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. 2007-இல் குஜராத் முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடி மூன்றே நிமிடத்தில் அவர் பேட்டியை விட்டு எழுந்து போனதும் இதே பாணியின் விளைவுதான். எழுந்து போனதே செய்தியாகிவிட்டது. கேட்க நினைத்த மீதிக் கேள்விகளுக்கு இன்றுவரை விடை இல்லை.

தமிழில் முயற்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1990களில் சன் டிவியில் ரபி பெர்னார்ட் நடத்திய 'நேருக்கு நேர்' நிகழ்ச்சியை நம் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நெருக்கிக் கேட்கும் பாணியைத் தமிழ் வீடுகளுக்கு அறிமுகப்படுத்தியது அது. பின்னாளில் அவரே அ.தி.மு.க. சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். இதில் தனிமனிதக் குறை காண்பது என் நோக்கமில்லை. 1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2007-இல் கலைஞர் என்று தமிழில் அலைவரிசைகள் கட்சிகளை ஒட்டியே வளர்ந்தன. கேட்பவரின் நாற்காலி யாருடையது என்பது பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே அறியா வினா முளைக்கவே இடமில்லை.

சினிமாக்காரர்களிடம் வந்தால் நிலைமை லேசாக இருக்கும் என்று பார்த்தால், நம்மைப் போன்றவர்களுக்கு அங்கேதான் உயிர்ப் பிரச்சினை. 2008 ஏப்ரல் 4-ஆம் தேதி ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்காகச் சென்னை சேப்பாக்கத்தில் திரையுலகம் உண்ணாவிரதம் இருந்தது. ரஜினிகாந்த் அங்கே காட்டமாகப் பேசினார். பெங்களூரில் பிறந்து இங்கேயே பஸ் கண்டக்டராக இருந்தவர் இப்படிப் பேசலாமா என்று கர்நாடகத்தில் கொதிப்பு. ஆகஸ்டு 1 'குசேலன்' வெளியாக வேண்டிய நாள். அதற்கு முன் அவர் கன்னடச் செய்தி அலைவரிசையான டிவி9-இல் தம் வருத்தத்தைத் தெரிவித்தார். படம் இங்கே ஓடியது. ஆனால் எல்லை தாண்டியதும் அதே பேச்சு "மன்னிப்புக் கேட்டார்" என்று தலைப்பாகி, அங்கே வேறொரு கொதிப்பு. தாம் அப்படி மன்னிப்புக் கேட்கவில்லை என்று அவர் பிறகு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

ஆனேக்கல்லில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திர அனுபவம். ஒரே கேபிளில் இரண்டு மொழிச் செய்தியும் வருகிறது. ஒரே மனிதர், ஒரே காட்சி. கன்னடத்தில் 'விஷாத' என்பதும் 'க்ஷமே' என்பதும் வேறு வேறு. தமிழில் 'வருத்தம்' என்பதும் 'மன்னிப்பு' என்பதும் அப்படியே. இரண்டு மொழியும் தெரிந்த எந்தக் குடும்பத்தலைவியைக் கேட்டாலும் வேறுபாட்டைச் சொல்லிவிடுவார். இரண்டு ஊரின் செய்தி அறைகளுக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அவரவருக்குத் தேவையான சரக்கை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கொளல் வினா என்றால் இதுதான். "மன்னிப்புக் கேட்பீங்களா?" என்று கேட்கும்போது அது இன்னும் கீழே இறங்கி ஏவல் வினா ஆகிவிடுகிறது. மன்னிப்புக் கேள் என்பதைக் கேள்விக்குறி போட்டுச் சொல்வது, அவ்வளவுதான்.

2017-இல் சத்யராஜ் வேறு வழி கண்டார். அதே 2008 மேடையில் பேசிய பேச்சுக்காக 'பாகுபலி 2' படத்தைக் கர்நாடகத்தில் தடுக்கப்போவதாகச் சொன்னபோது, அவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு காணொளியில் அறிக்கை படித்தார். கன்னடர்களுக்கு எதிரானவன் அல்லன் என்றார், மனம் புண்பட்டிருந்தால் வருந்துவதாகச் சொன்னார், தமிழர் பிரச்சினைகளில் தொடர்ந்து குரல் கொடுப்பேன் என்றும் சேர்த்தே சொன்னார். சொல்லுக்குச் சொல் அளந்த அறிக்கை. கேட்பவர் இல்லாததால் திரிப்பதற்கு இடமும் இல்லை. ரஜினி பட்ட அனுபவத்திலிருந்து கற்ற பாடமோ என்னவோ! புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதுவே வழக்கமானால் பேட்டி என்ற கலை எதற்கு? பிரபலங்கள் தாங்களே காமிரா வைத்துத் தங்களிடம் தாங்களே பேசிக்கொள்ளும் இந்தக் காலத்துக்கு அது ஒரு முன்னோட்டம் போலத்தான் எனக்குப் படுகிறது.

2025-இல் கமல்ஹாசன் விஷயம் எல்லோருக்கும் பசுமையாக இருக்கும். மே மாதம் சென்னையில் 'தக் லைஃப்' விழாவில், ராஜ்குமாரின் மகன் சிவராஜ்குமாரை வைத்துக்கொண்டு, அன்போடு சொல்வதாக நினைத்துத்தான் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்றார். அதன்பின் வாரக்கணக்கில் கேட்கப்பட்டது ஒரே ஏவல் வினா. நீதிமன்றத்திலும் அதுவே எதிரொலித்தது. ஜூன் 5-இல் படம் மற்ற இடங்களில் வந்தபோது கர்நாடகத்தில் வரவில்லை. கன்னடமும் தமிழும் ஒரு மூலத் தென்திராவிட மொழியிலிருந்து கிளைத்தவை, ஒன்று மற்றொன்றுக்குத் தாய் அல்ல என்பதுதான் மொழியியலார் பொதுவாக ஏற்கும் கருத்து. ஒரு மொழியியல் பேராசிரியரை அழைத்து உட்காரவைத்து, தெரியாதவர் தெரிந்தவரைக் கேட்கும் முறையில் அறியா வினாவாகக் கேட்டிருந்தால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஏதாவது கற்றிருப்பார்கள். கேட்டவர்கள் சிலர் உண்டு. நெரிசலில் அவர்கள் குரல் எடுபடவில்லை.

ராஜ்குமார் பெயர் வந்ததால் 2000-ஆம் ஆண்டைத் தொடாமல் போக முடியாது. ஜூலை 30 இரவு தாளவாடிப் பக்கம் தொட்ட காஜனூரில் தம் பண்ணை வீட்டிலிருந்து அவர் வீரப்பனால் கடத்தப்பட்டார். நவம்பர் 15-இல் விடுவிக்கப்படும் வரை 108 நாட்கள். அந்த நாட்களில் தெருவில் தமிழில் சத்தமாகப் பேசாதே என்று பிள்ளைகளை அடக்கிய வீடுகள் இந்த வட்டாரத்தில் எத்தனை! அப்போது இரு மாநில அரசுகளின் தூதராகக் காட்டுக்குப் போய் வந்தவர் ஒரு பத்திரிகை ஆசிரியர், நக்கீரன் கோபால். வீரப்பனை அவருடைய பத்திரிகை முன்பே பேட்டி கண்டிருந்ததால்தான் அந்தப் பாதை திறந்தது. பேட்டி எடுப்பவர் குற்றவாளிக்கு மேடை அமைத்துத் தருகிறார் என்று அன்று வசை பாடியவர்களே, காஸெட் எப்போது வரும் என்று ரேடியோப் பெட்டி அருகில் காத்திருந்தார்கள்.

1996-இல் எடுக்கப்பட்ட அந்த வீடியோப் பேட்டியின் பகுதிகள் 2023 டிசம்பரில் ஜீ5 தளத்தில் 'கூசே முனிசாமி வீரப்பன்' என்ற ஆவணத் தொடராக வந்தன. பார்த்தபோது எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றியது. குறுக்கிடாமல் பேச விட்டதால் அந்த மனிதர் தம் கொலைகளைத் தாமே நடித்துக் காட்டுகிறார். எந்தப் போலீஸ் விசாரணையிலும் இது கிடைத்திருக்காது. அதே சமயம், குறுக்கிடாமல் பேச விட்டதாலேயே தம்மைக் காட்டு ராஜாவாகவும் அவரே வரைந்துகொள்கிறார். காட்டுக்குள் போய், துப்பாக்கி வைத்திருப்பவரிடம், அறிவினா கேட்கிற தைரியம் எனக்கு இருக்குமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இருக்காது. ஆகவே கேட்டவர்களைக் குறை சொல்லும் தகுதியும் எனக்குக் கிடையாது. அந்தப் பேட்டியில் வராதவர்கள், அதாவது அதிரடிப் படையிடமும் வீரப்பனிடமும் மாட்டிக்கொண்ட இருபக்க மலைக்கிராம மக்கள், அவர்களிடம் ஒலிவாங்கி வெகு காலம் கழித்தே போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஒலிவாங்கி சாமானியரிடம் வரும்போதும் நல்லதே நடக்கும் என்று சொல்வதற்கில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று பரப்பன அக்ரஹாரத்தில் சொத்துக்குவிப்பு வழக்கின் தீர்ப்பு வந்தபோது, ஓசூர்ச் சாலை நெடுக ஒளிபரப்பு வண்டிகள். தமிழ் முகமாகத் தெரிந்தவர் எல்லாரிடமும் மைக் நீட்டப்பட்டது. நான்கு ஆண்டுத் தண்டனை சரியா தவறா என்று, பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்க வந்தவர் என்ன சொல்ல முடியும்? பேட்டி காணப்படுபவர் பிரபலம் என்றால் அவருக்கு வக்கீல் உண்டு, மறுப்பு அறிக்கை உண்டு, ரசிகர் உண்டு. நம் ஆட்களுக்கு மறுநாள் அதே பேருந்தில் வேலைக்குப் போக வேண்டியது மட்டும்தான் உண்டு.

2016 செப்டம்பர் 12-ஐ அடுத்த நாட்கள். காவிரித் தண்ணீர்ப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட தனியார்ப் பேருந்துகள் டஜன் கணக்கில் எரிந்து முடிந்திருந்தன. அங்கே அடித்தார்கள், இங்கே அடித்தார்கள் என்று இருபக்க அலைவரிசைகளும் அதே காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தன. அத்திப்பள்ளி எல்லையில் வண்டிகள் நின்றிருந்தன. எங்கள் வீதி முனையில் பூக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். தர்மபுரிப் பக்கம் பூர்வீகம், ஆனேக்கல்லுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். எந்த அலைவரிசை என்பது வேண்டாம், ஓர் இளம் நிருபர் அவர் முன் மைக்கை நீட்டி, "ஐயா, நீங்க தமிழர்தானே, காவிரித் தண்ணி யாருக்குச் சொந்தம்?" என்று கன்னடத்தில் கேட்டார். நான் பால் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எந்தப் பக்கம் சொன்னாலும் அன்று இரவு அது ஓடும்.

பெரியவர் மல்லிகையை அளந்துகொண்டே நல்ல கன்னடத்தில் சொன்னார்: "நம்ம வீதிக்கு போர்வெல் தண்ணிதான் சாமி. அதுவும் மூணு நாளைக்கு ஒருக்கா. அதைப் பத்திக் கொஞ்சம் போடுங்களேன்."

ஆடத் தெரியுமா என்றால் பாடத் தெரியும் என்பது போன்ற விடை. நன்னூலில் எட்டாவதாக வரும் இனமொழி. நிருபர் ஒரு கணம் நின்றார், காமிராக்காரரைப் பார்த்தார், விளக்கை அணைக்கச் சொன்னார். இரவு பதினோரு மணி வரை விழித்திருந்து பார்த்தேன். அது ஒளிபரப்பாகவில்லை.